ட்ரிப் சுவிட்சைத் திருகச் சொல்வது யார்?



லயம் ஒன்று தீப்பற்றி எரிந்தால் மறுநாள் பத்திரிகையில் "மின்னொழுக்கே காரணம் எனச் சந்தேகம்" என்று ஒரு வரி வரும். அந்த வரியோடு எல்லாம் முடிந்துவிடும். தொழிற்சாலையில் ஒருவருக்குக் கரண்ட் அடித்தால் "கவனயீனம்" என்று ஒரு சொல் எழுதப்படும். அந்தக் கதையும் அதோடு முடிந்துவிடும். மின்சாரம் ஏன் ஒழுகியது? அதை நிறுத்த வேண்டிய கருவி ஏன் நிறுத்தவில்லை? அந்தக் கருவியில் கடைசியாகக் கை வைத்தவர் யார்? கை வைக்கச் சொன்னவர் யார்? இவற்றை யாரும் கேட்பதில்லை. நாம் கேட்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அந்தக் கருவிக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவர்களும் படுத்து உறங்குகிறவர்களும் நாம்தான்.

கொழுந்து மலியும் மாதங்களில் தொழிற்சாலைக்குள் நடப்பது அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். ரோலரில் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கொழுந்து போடப்படுகிறது. மோட்டார் திணறுகிறது. சற்று நேரத்தில் ட்ரிப் ஆகி நின்றுவிடுகிறது. "தட்டிவிடு" என்று உத்தரவு வருகிறது. தட்டிவிட்டால் ஓடுகிறது, மறுபடியும் நிற்கிறது. மூன்றாம் தடவை வரும் உத்தரவு வேறு: "கொஞ்சம் கூட்டி வை." ஸ்க்ரூ ட்ரைவரால் ஒரு சின்னச் சக்கரத்தைத் திருகினால் போதும். அன்றிரவு ரோலர் நிற்காது. கொழுந்து முடிந்துவிடும், எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அந்தச் சக்கரம் திருகிய இடத்திலேயே மாதக் கணக்கில் நிற்கிறது. எந்த எண்ணில் இருந்தது, எந்த எண்ணுக்கு மாற்றப்பட்டது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஏதாவது நடந்தால் மட்டும், திருகிய கை யாருடையது என்று தேடுவார்கள். உத்தரவு வாய்மொழி. கை நம்முடையது.

இந்த விஷயத்தில் சங்கத்தின் நிலைப்பாடு இதுதான்: ட்ரிப் கருவியைச் சரிசெய்வதும் மாற்றுவதும் தகைமையுள்ள எலக்ட்ரீசியனின் வேலை. அது எழுத்தில் பதிய வேண்டிய வேலை. ரோலர்காரரிடமோ, ட்ரையர் பார்ப்பவரிடமோ, கொழுந்து இறக்குகிறவரிடமோ வாயால் சொல்லிச் செய்விக்கிற வேலை அல்ல.

ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறோம் என்பதை விளங்கிக்கொள்ள, அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் விளங்கும் கணக்குத்தான்.

ஒரு சின்னக் கணக்கு

15 கிலோவாட் மோட்டார் ஒன்று 400 வோல்ட்டில் முழுச் சுமையோடு ஓடும்போது ஏறக்குறைய 28 அம்பியர் இழுக்கும். சரியான எண் மோட்டாரின் தகட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். மோட்டாரைக் காக்கும் ட்ரிப் அந்த எண்ணுக்குத்தான் வைக்கப்பட வேண்டும். அதை 40 அம்பியருக்குக் கூட்டி வைத்தால் என்ன ஆகும்? 28 எங்கே, 40 எங்கே, பன்னிரண்டுதானே கூடியது என்று தோன்றும். ஆனால் கம்பியில் பிறக்கும் சூடு அம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும். 28 ஐ 28 ஆல் பெருக்கினால் 784. 40 ஐ 40 ஆல் பெருக்கினால் 1600. சூடு இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. மோட்டாருக்குள்ளே சுற்றியிருக்கும் கம்பியின் பூச்சு கருகுகிறது. கேபிளின் உறை இளகுகிறது. இன்றைக்கே தீப்பிடிக்காமல் இருக்கலாம். சில மாதங்கள் கழித்து, ஒரு மழை இரவில், தேயிலைப் பஞ்சும் தூசியும் படிந்த மூலையில் பிடிக்கலாம்.

ரோலர் ட்ரிப் ஆவதற்குக் காரணம் கூடுதல் கொழுந்தாக இருக்கலாம். பெயரிங் காய்ந்து இறுகியிருக்கலாம். மோட்டாரின் காற்றாடி பஞ்சால் அடைபட்டிருக்கலாம். வோல்ட் குறைந்திருக்கலாம். மூன்று லைனில் ஒன்று வராமல் இரண்டில் மட்டும் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கலாம். இந்தக் காரணங்களில் ஒன்றையாவது ட்ரிப்பைக் கூட்டி வைப்பதால் தீர்க்க முடியாது. காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கும் கருவியை உடைத்துவிட்டால் காய்ச்சல் போய்விடாது.

மோட்டார் ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோட் ரிலேயில் இன்னொரு ஆபத்து உண்டு. பல ரிலேகளில் கையால் தட்டிவிட்டால் மட்டும் மறுபடி ஓடும் நிலை ஒன்றும், சூடு ஆறியதும் தானாகவே திரும்பிக்கொள்ளும் நிலை ஒன்றும் இருக்கும். அடிக்கடி போய்த் தட்டுவது சிரமம் என்று அதைத் தானாகத் திரும்பும் நிலையில் வைத்துவிடுகிறார்கள். சில வகை இணைப்புகளில், அப்படி வைத்தால் நின்ற மோட்டார் சொல்லாமல் கொள்ளாமல் ஓடத் தொடங்கும். நின்ற இயந்திரத்துக்குள் கையை விட்டுச் சிக்கிய கொழுந்தை எடுக்கிறவரின் கதி என்னவாகும்? மனிதர் கை வைக்கும் எந்த இயந்திரத்திலும் அந்த ரிலே கையால் தட்டும் நிலையில்தான் இருக்க வேண்டும்.

பெரிய பிரேக்கரின் கதை

மோட்டார் ஸ்டார்ட்டர்களுக்கு மேலே, தொழிற்சாலையின் பிரதான பலகையில் பெரிய சேர்க்கிட் பிரேக்கர்கள் இருக்கின்றன. மின்சார சபையின் லைனும் ஜெனரேட்டரும் அங்கேதான் வந்து சேர்கின்றன. பெரிய பிரேக்கருக்கு ட்ரிப் கருவிதான் மூளை. பிரேக்கர் என்பது மின்சாரத்தை வெட்டும் கை மட்டுமே. எப்போது வெட்டுவது என்று அந்தக் கைக்குச் சொல்வது ட்ரிப் கருவி.

நல்ல ட்ரிப் கருவி மூன்று நான்கு விதமாக யோசிக்கும். சுமை கொஞ்சம் கூடினால் சற்று நேரம் பொறுத்துப் பார்த்து வெட்டும். மிக அதிகமாகக் கூடினால் நொடியின் சிறு பங்கு மட்டும் பொறுக்கும். கம்பியும் கம்பியும் உரசி ஷோர்ட் ஆனால் பொறுக்கவே பொறுக்காது, உடனே வெட்டும். சிலவற்றில் மின்சாரம் தரைக்கு ஒழுகினால் வெட்டும் வசதியும் இருக்கும். எவ்வளவு அம்பியருக்கு, எவ்வளவு நேரத்துக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எண் வைக்க வேண்டும். அந்த எண்களைக் கேபிளின் பருமன், ட்ரான்ஸ்போமரின் சக்தி, கீழே உள்ள சின்ன பிரேக்கர்களின் வேகம் எல்லாவற்றையும் பார்த்துக் கணக்கிட்டுத்தான் வைக்க முடியும். ரோலரில் பழுது வந்தால் ரோலரின் பிரேக்கர் மட்டும் விழ வேண்டும். கணக்குத் தவறினால் ஒரு ரோலரின் பழுதுக்குத் தொழிற்சாலை முழுவதும் இருண்டுபோகும். மறுபக்கம் தவறினால் எதுவுமே விழாது, பலகைதான் எரியும்.

பழைய தொழிற்சாலைகளில் பழைய பிரேக்கர்களும் உண்டு. அவற்றில் சிலவற்றின் ட்ரிப் கருவி ஒரு சின்ன எண்ணெய்க் கிண்ணத்தையும் பிஸ்டனையும் கொண்டு நேரத்தைத் தாமதிக்கும். வருடங்கள் போகப் போக அந்த எண்ணெய் கெட்டியாகும், அல்லது ஒழுகிப்போகும். தேயிலைத் தூசி உள்ளே போய் ஒட்டும். வெளியே சக்கரம் காட்டும் எண் அப்படியே இருக்கும். உள்ளே நடப்பது வேறாக இருக்கும். பத்து நொடியில் விழ வேண்டியது இரண்டு நொடியில் விழலாம். விழாமலே போகலாம். பல வருடம் அசையாமல் இருந்த பிரேக்கர் இறுகிப் பிடித்துக்கொள்வதும் உண்டு. ஆகவே சக்கரத்தின் எண்ணை நம்பி ஒரு பிரேக்கர் நல்லது என்று சொல்ல முடியாது. சோதனைக் கருவியால் மின்னோட்டத்தைச் செலுத்தி, எத்தனை அம்பியரில், எத்தனை நொடியில் விழுகிறது என்று அளந்து பார்த்தால்தான் சொல்லலாம். இலத்திரனியல் ட்ரிப் கருவிகளுக்குச் சின்னச் சோதனைப் பெட்டியால் மூளையை மட்டும் சோதிக்கும் முறை ஒன்று உண்டு. பிரேக்கரின் ஊடாகவே பெரிய மின்னோட்டத்தைச் செலுத்தி, மூளை, நரம்பு, கை மூன்றையும் சேர்த்துச் சோதிக்கும் முறை இன்னொன்று. முழு நம்பிக்கை தருவது இரண்டாவது முறை.

பழைய ட்ரிப் கருவி சோதனையில் தோற்றால் மாற்ற வேண்டும். அந்தந்தப் பிரேக்கருக்கு ஏற்ற இலத்திரனியல் ட்ரிப் கருவிகளைப் பொருத்தலாம். அதற்கான சென்சரும் அளவும் பிரேக்கருக்குப் பொருந்த வேண்டும். பழைய இரும்புக் கடையில் கிடைத்தது, பக்கத்துத் தொழிற்சாலையில் கழற்றியது என்று எதையாவது பூட்டுவது மாற்றுவது ஆகாது. மூடி முத்திரையிட்டு வரும் சின்ன பிரேக்கர்களை உள்ளே திறந்து பழுது பார்க்கவே கூடாது. பழுதானால் முழுதாகத்தான் மாற்ற வேண்டும். 32 அம்பியர் இருந்த இடத்தில் 63 பூட்டினால் ட்ரிப் தொல்லை போகும். கேபிளைக் காப்பாற்ற யாரும் இருக்க மாட்டார்கள்.

வேலை சரியாக நடக்கிறதா என்று நாம் வெளியிலிருந்தே கண்டுகொள்ளச் சில அடையாளங்கள் உண்டு. எலக்ட்ரீசியன் மூடியைக் கழற்றுவதற்கு முன் மின்சார சபை லைன், ஜெனரேட்டர் இரண்டையும் நிறுத்துவார். நிறுத்திய சுவிட்சில் பூட்டும் அட்டையும் போடுவார். சாவி அவர் சட்டைப் பையில் இருக்கும். கரண்ட் இல்லை என்று கருவியால் சோதித்துப் பார்ப்பார். பெரிய பிரேக்கருக்குள் முறுக்கி வைத்த ஸ்பிரிங் இருக்கிறது. கரண்ட் இல்லாவிட்டாலும் அது விரலை நொறுக்கும். அதைத் தளர்த்திய பிறகே உள்ளே கை வைப்பார். திருகுவதற்கு முன் பழைய எண்களைக் குறித்துக்கொள்வார். முடித்ததும் புதிய எண்களையும் எழுதிக் கையெழுத்திடுவார். இதில் எதுவுமே இல்லாமல், ட்ரையர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் பலகையைத் திறந்து திருகினால், அங்கே நடப்பது பராமரிப்பு அல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நல்ல பிரேக்கரின் கைப்பிடியைக் கயிற்றால் கட்டினாலும், கட்டை வைத்து முட்டுக்கொடுத்தாலும், உள்ளே அது விழத்தான் செய்யும். அப்படித்தான் அது செய்யப்பட்டிருக்கிறது. கட்டி வைத்ததால் விழாமல் நிற்கிறது என்றால், அந்தப் பிரேக்கர் ஏற்கெனவே கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

லயத்து ட்ரிப் சுவிட்ச்

இனி வீட்டுக்கு வருவோம். வீட்டுப் பலகையில் இரண்டு வகைக் காவல்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்று என்று நினைப்பதால்தான் பல வீடுகளில் தவறு நடக்கிறது. வரிசையாக இருக்கும் சின்ன பிரேக்கர்கள் கம்பியைக் காக்கின்றன. 'டீ' என்ற எழுத்துப் போட்ட பொத்தானோடு இருக்கும் ட்ரிப் சுவிட்ச் உயிரைக் காக்கிறது.

ஈர உடம்போடு ஒருவர் 230 வோல்ட் கம்பியைத் தொட்டால், உடம்பின் தடை 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 மில்லி அம்பியர் அவரூடாகத் தரைக்குப் போகும். அது ஆளைக் கொல்லப் போதுமானது. ஆனால் விளக்குக்குப் போட்ட 6 அம்பியர் பிரேக்கருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. 6 அம்பியர் என்பது 6000 மில்லி அம்பியர். ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் ஒழுகினாலே, நொடியில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகுமுன் வெட்டிவிடும். 6000 ஐ 30 ஆல் வகுத்துப் பாருங்கள். ட்ரிப் சுவிட்ச் இருநூறு மடங்கு நுட்பமாகக் காவல் காக்கிறது.

மழைக்காலத்தில் லயத்துக் கூரை ஒழுகி, சுவரில் ஓடும் கம்பி நனைந்து, ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. சில லயங்களில் பல வீடுகளுக்கும் சேர்த்து ஒரே ட்ரிப் சுவிட்ச். ஒரு வீட்டு ஒழுக்குக்கு எல்லா வீடும் இருட்டு. பிள்ளைகள் படிக்க முடியாது, சோறாக்க முடியாது. அக்கம்பக்கத்தில் சண்டை வருகிறது. கடைசியில் யாரோ ஒருவர் ட்ரிப் சுவிட்சை விலக்கிவிட்டுக் கம்பியை நேராக இணைத்துவிடுகிறார். வெளிச்சம் வந்துவிடுகிறது, காவல் போய்விடுகிறது. இதற்கு அந்த மனிதரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கூரையைத் திருத்தாதவர்களும், பழைய கம்பியை மாற்றாதவர்களும், பத்து வீட்டுக்கு ஒரு சுவிட்ச் போட்டவர்களும் அவருக்கு வேறு வழி வைக்கவில்லை. ஆனாலும் நாம் சொல்கிறோம்: ட்ரிப் சுவிட்சை விலக்காதீர்கள். அன்றிரவு இருட்டில் இருப்போம். மறுநாள் காலை எல்லோருமாகத் தோட்டக் காரியாலயத்துக்குப் போவோம்.

வீட்டில் நாமே செய்யக்கூடியவை சில உண்டு. சம்பள நாளன்று, மாதம் ஒரு தடவை, அந்தப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். சுவிட்ச் கீழே விழ வேண்டும். விழாவிட்டால் அது செத்துப்போன காவல்காரன், மாற்ற வேண்டும். அந்தப் பொத்தான் சுவிட்சைத்தான் சோதிக்கிறது, எர்த் கம்பியைச் சோதிப்பதில்லை. எர்த்தை எலக்ட்ரீசியன்தான் அளந்து சொல்ல வேண்டும். ட்ரிப் அடிக்கடி விழுந்தால், காய்ந்த கையோடு, எல்லா ப்ளக்கையும் கழற்றிவிட்டுச் சுவிட்சை மேலே தள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போடும்போது விழுகிறதோ அதில்தான் ஒழுக்கு. எல்லாம் கழற்றிய பிறகும் விழுந்தால் கோளாறு கம்பியில் இருக்கிறது. அதற்கு மேல் மூடியைத் திறக்க வேண்டாம். இரண்டு கையாலும் இரண்டு கம்பியையும் ஒருசேரத் தொட்டால் ட்ரிப் சுவிட்சாலும் காப்பாற்ற முடியாமல் போகலாம் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

நமது கோரிக்கைகள்

நிர்வாகம் சொல்லப்போகும் பதில் நமக்குத் தெரியும். வாட்டிய கொழுந்து காத்திருக்காது, ரோலர் நின்றால் தேயிலை கெட்டுவிடும் என்பார்கள். உண்மைதான். தேயிலை கெட்டால் நமக்கும் நட்டம்தான். அதனால்தான் கொழுந்து மலியும் மாதங்களுக்கு முன்பே சோதனையைச் செய்யுங்கள் என்கிறோம். பெயரிங்குக்குக் கிரீஸ் போட ஒரு மணித்தியாலம் போதும். எரிந்த மோட்டாரைச் சுற்றி எடுக்க நாட்கள் ஆகும். எரிந்த மனிதரை எதனாலும் திருப்பித் தர முடியாது.

ஆகவே நாம் கேட்பவை:

1. ஒவ்வொரு பிரேக்கரின் ட்ரிப் எண்களும் எழுதப்பட்ட அட்டை பலகையிலேயே ஒட்டப்பட வேண்டும். மாற்றம் செய்தால் திகதி, பழைய எண், புதிய எண், காரணம், உத்தரவிட்டவரின் கையெழுத்து ஆகியவை பதிவுப் புத்தகத்தில் இருக்க வேண்டும்.

2. தகைமையுள்ள எலக்ட்ரீசியன் தவிர வேறு எவரையும் ட்ரிப் கருவியில் கை வைக்கச் சொல்லக் கூடாது. மறுக்கும் தொழிலாளியின் பேரை வெட்டவோ, அரைப் பேர் போடவோ, வேறு வேலைக்குத் தள்ளவோ கூடாது.

3. ஒரு தடவை ட்ரிப் ஆனால் காரணம் பார்த்த பிறகே மறுபடி போட வேண்டும். அந்த நேரத்துக்குச் சம்பளம் குறைக்கக் கூடாது.

4. வருடம் ஒரு தடவையாவது பிரதான பிரேக்கர்களைச் சோதித்து, முடிவைத் தோட்டக் கமிட்டிக்குக் காட்ட வேண்டும். தோற்றவற்றை உரிய புதிய கருவியால் மாற்ற வேண்டும்.

5. லயத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சும், ஒழுங்கான எர்த்தும் வேண்டும்.

6. இளம் தொழிலாளர்களைத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறும் மின் பயிற்சிக்கு நிர்வாகச் செலவில் அனுப்ப வேண்டும். நமது பிள்ளைகளே இந்த வேலையை முறையாகக் கற்றுச் செய்யட்டும்.

இவை புதுமையான கோரிக்கைகள் அல்ல. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தேயிலைத் தொழிற்சாலைக்கும் பொருந்தும். விபத்தில் ஒருவர் இறந்தாலும், மூன்று நாட்களுக்கு மேல் முழுச் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாமல் போனாலும், தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி நட்டஈடு கேட்பது காயம்பட்டவரின் உரிமை. கரண்ட் அடித்தவரை வைத்தியசாலைக்கு அனுப்பிவிட்டு, "வீட்டில் விழுந்தார்" என்று எழுதச் சொன்னால் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். உடனே சங்கக் காரியாலயத்துக்கு அறிவியுங்கள்.

தோட்டத் தலைவர்களுக்கும் தலைவிமாருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் ஒரு அப்பியாசக் கொப்பி வாங்குங்கள். தொழிற்சாலையில் எப்போது எது ட்ரிப் ஆனது, மறுபடி போடச் சொன்னவர் யார், கூட்டி வைக்கச் சொன்னவர் யார் என்று திகதியோடு எழுதி வையுங்கள். லயம் லயமாகப் போய் எத்தனை வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது, எத்தனை வீட்டில் பொத்தானை அழுத்தினால் விழுகிறது, எத்தனை வீட்டில் விலக்கப்பட்டிருக்கிறது என்று கணக்கெடுங்கள். விலக்கிய வீட்டுக்காரரைக் காட்டிக்கொடுப்பதற்காக அல்ல, அந்த வீட்டுக்கு முதலில் சுவிட்ச் கேட்பதற்காக. அந்தக் கொப்பியோடு நிர்வாகத்தின் முன் போய் உட்காரும்போது, "கவனயீனம்" என்ற ஒற்றைச் சொல்லால் நம்மை அனுப்பிவிட முடியாது.